ஹேமெல்ன் வயலின்காரன்: விட்டுடாதீங்க

இந்த அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) தொடர்ல மூணு எபிசோட் பார்த்தும் படம் அசையவே மாட்டேங்குது, மூலமான மங்காவில (ஜப்பானிய காமிக்ஸ்) இருந்த சிரிப்பும் இல்லை, நிறுத்திடலாமான்னு கேட்டிருந்தீங்க. வேண்டாம் நண்பரே.

1996-ல ஸ்டூடியோ டீன் எடுத்த 25 எபிசோட் தொடர் இது. நிலைப்படத்து மேல கேமரா நகர்றதுதான் பாதி காட்சி, சண்டைகூட அப்படித்தான். கடைசி வரை மாறாது, மனசைத் தயார்ப்படுத்திக்கோங்க. சிரிப்பு வேணும்னா அதே வருஷம் வந்த சின்னத் திரைப்படம் இருக்கு.

ஆனா கதாநாயகன் ஹாமெல் தன்னோட ராட்சத வயலினை எடுத்து வாசிக்கும்போது ஹெட்போன் போட்டுக் கேளுங்க. அசையாத ஓவியத்துக்கு அந்த இசைதான் உயிர். தன் பரம்பரை ரத்தத்துக்கே பயப்படுற ஒருத்தனோட வலியை இவ்வளவு இரக்கமில்லாம சொன்ன அனிமே குறைவு. அவன்கூடப் பயணம் பண்ற பொண்ணு ஃப்ளூட்டோட அன்பு அதுக்கு ஈடு கொடுக்குது. சைசர்ங்கிற கதாபாத்திரம் யாருன்னு மட்டும் முன்னாடியே தேடிப் படிச்சிடாதீங்க.