ஆடும் 11 பேர் யார்? தேசியக் கால்பந்து அணித் தேர்வு: கேள்வி பதில்

கேள்வி: சார், 11 பேரை எழுத உட்கார்ந்தால் யாரிடமிருந்து தொடங்குவது? கோல்கீப்பரா, ஸ்ட்ரைக்கரா?

பதில்: ஜோடிகளிலிருந்து. தற்காப்பின் நடுவில் நிற்கும் இரண்டு சென்டர் பேக், நடுக்களத்தில் இரண்டு மிட்ஃபீல்டர்கள், இரு ஓரங்களிலும் பின்னால் ஒரு ஃபுல் பேக்கும் முன்னால் ஒரு விங்கரும். கிளப் கோச்சுக்கு வருஷம் முழுக்கப் பயிற்சி நாள் இருக்கிறது. தேசிய அணிக்கு ஒரு ஆட்டத்துக்கு முன் உருப்படியாகக் கிடைப்பது இரண்டு மூன்று பயிற்சிகள்தான். அதற்குள் புதுப் புரிதலை வளர்க்க முடியாது, கிளப்பில் வளர்ந்ததை இரவல் வாங்கத்தான் முடியும். 2010 உலகக் கோப்பை இறுதியில் ஸ்பெயின் இறக்கிய 11 பேரில் பீக்கே, புயோல், புஸ்கெட்ஸ், சாவி, இனியெஸ்டா, பெட்ரோ என 6 பேர் பார்சலோனாவில் ஒன்றாக ஆடியவர்கள். 2014 இறுதியில் ஜெர்மனி இறக்கியவர்களிலும் 6 பேர் பேயர்ன் மியூனிக் ஆட்கள்.

கேள்வி: நாட்டின் சிறந்த இரண்டு மிட்ஃபீல்டர்களையும் சேர்த்து இறக்கினால் என்ன தப்பு?

பதில்: இங்கிலாந்து ஜெரார்ட், லாம்பார்ட் என்ற இரு மிட்ஃபீல்டர்களை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் பட்ட பாடு இதுதான். மூன்று வேலைக்கு ஆள் குறித்துப் பாருங்கள். பந்து பறிபோனால் நடுவில் நிற்பது யார்? சென்டர் பேக்கிடம் இறங்கிவந்து பந்து வாங்குவது யார்? எதிரணியின் பெனால்டி பெட்டிக்குள் ஓடுவது யார்? இருவர் பெயரும் மூன்றாவது கேள்விக்கே விடையாக வந்தால் ஒருவரை உட்கார வைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் இருவரும் ஒரே நேரத்தில் முன்னேறிவிடுவார்கள். தற்காப்பு வரிசைக்கும் நடுக்களத்துக்கும் இடையே பெரிய வெட்டவெளி விழும். எதிரணியின் 10-ஆம் எண்காரர் (ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் நின்று கோல் வாய்ப்பை உருவாக்குபவர்) அங்கே பந்தை வாங்கி, கோலைப் பார்த்துத் திரும்ப நேரம் கிடைத்துவிடும். அப்புறம் சென்டர் பேக்கைத் திட்டி என்ன பயன்?

கேள்வி: இடது சென்டர் பேக் இடதுகாலாளராகத்தான் இருக்க வேண்டுமா? எங்கள் அணியில் ஒருவர்கூட இல்லை.

பதில்: கட்டாயமில்லை, ஆனால் இருந்தால் பாதித் தலைவலி போகும். வலதுகாலாளர் இடப்பக்கம் நின்று கோல்கீப்பரிடமிருந்து பந்து வாங்கும்போது உடம்பு மைதானத்தின் உட்பக்கம் திரும்பிவிடும். வெளியே இருக்கும் லெஃப்ட் பேக்குக்கு, அதாவது இடப்பக்க ஃபுல் பேக்குக்குக் கொடுக்க அவருக்கு ஒரு தொடுகை கூடுதலாக வேண்டும். எதிரணி ஸ்ட்ரைக்கர் உட்பக்க வழியை மறைத்தபடி வளைந்து ஓடிவந்தால் அந்த ஒரு தொடுகைக்கும் நேரமிருக்காது. பந்து மறுபடி கோல்கீப்பரிடம், அவர் நீட்டி உதைப்பார், பந்து பறிபோகும். முதல் 15 நிமிடத்தில் இது மூன்று நான்கு முறை நடந்தால், எதிரணி அந்தப் பக்கத்தைக் குறிவைத்துவிட்டது என்று அர்த்தம்.

ஆள் இல்லையென்றால் வழி இருக்கிறது. லெஃப்ட் பேக்கைச் சில மீட்டர் பின்னால் நிறுத்துங்கள். குறுகிய பாஸாவது கிடைக்கும். அல்லது தற்காப்பு மிட்ஃபீல்டரை இடப்பக்கம் இறக்கி, பந்தை வலது சென்டர் பேக் வழியாகவே வெளியே கொண்டுவாருங்கள். இரண்டாவதில் எதிரணிக்குக் கணிப்பது சுலபம், எனக்கு முதலாவதுதான் பிடிக்கும்.

கேள்வி: ஃபார்மில் இல்லாத நட்சத்திர ஸ்ட்ரைக்கரை உட்கார வைக்கலாமா?

பதில்: வைக்கலாம். 2022 உலகக் கோப்பையில் சுவிட்சர்லாந்துக்கு எதிராகப் போர்ச்சுகல் ரொனால்டோவை வெளியே வைத்தது. அவர் இடத்தில் வந்த கொன்சாலோ ராமோஸ் ஹாட்ரிக் (மூன்று கோல்) அடிக்க, சுவிட்சர்லாந்து 6-1 என்று தோற்றது. அதோடு கதையை நிறுத்துபவர்கள்தான் அதிகம். அடுத்த ஆட்டத்திலும் ராமோஸ்தான் தொடங்கினார். மொராக்கோ பின்னால் இடமே விடாமல் அடைத்து 1-0 என வென்றது. ஃபார்மைவிட எதிரணி எங்கே இடம் விடுகிறது என்பதே முதலில் பார்க்க வேண்டியது.

கேள்வி: காயத்திலிருந்து திரும்பியவர், 60 நிமிடம்தான் தாங்குவார். முதலிலேயே இறக்குவதா, பின்னால் இறக்குவதா?

பதில்: பெரும்பாலும் முதலிலேயே. எப்போது வெளியே எடுப்பது என்று முன்கூட்டியே திட்டமிடலாம். பின்னால் இறக்கினால், ஆட்டம் கூடுதல் நேரத்துக்கு நீண்டால் மாட்டிக்கொள்வீர்கள். அவர் மறுபடி காயப்பட்டால் ஒரே இடத்துக்கு இரண்டு மாற்று செலவாகும். 2022 இறுதியில் உடல்தகுதிச் சிக்கலோடு இருந்த டி மரியாவை அர்ஜென்டினா கோச் ஸ்கலோனி இடப்பக்கம் தொடக்கத்திலேயே இறக்கினார். ஒரு பெனால்டி வாங்கித் தந்து, ஒரு கோலும் அடித்து, 64-ஆம் நிமிடம் வெளியே வந்தார். 5 மாற்று இருந்தாலும் ஆட்டத்தின் நடுவே 3 முறைதான் நிறுத்தி மாற்றலாம், இடைவேளை கணக்கில் வராது என்பதையும் மறக்காதீர்கள்.

கேள்வி: பெனால்டி ஷூட்அவுட்டுக்காக ஒரு கோல்கீப்பர் மாற்றைப் பத்திரப்படுத்தலாமா?

பதில்: 2014 காலிறுதியில் நெதர்லாந்துக்கு ஷூட்அவுட்டுக்காகவே மாற்று கோல்கீப்பராக இறங்கிய டிம் க்ரூல் இரண்டு பெனால்டியைத் தடுத்தார். அரையிறுதியில் மூன்று மாற்றும் தீர்ந்துபோக, முதலில் இறங்கிய கோல்கீப்பர் சிலிசெனே ஷூட்அவுட்டிலும் நின்றார், தோல்வி. இப்போது 5 மாற்று என்பதால் சாத்தியம்தான், ஆனால் நான் அந்த மாற்றை நன்றாகப் பெனால்டி உதைப்பவருக்கு வைத்துக்கொள்வேன்.

கேள்வி: பட்டியல் கொடுத்தபின் வார்ம்-அப்பில் ஒருவர் காயப்பட்டால்?

பதில்: பெஞ்சில் பெயர் கொடுத்த ஒருவரை இறக்கலாம், அது மாற்றுக் கணக்கில் சேராது. காயப்பட்டவர் அந்த ஆட்டத்தில் திரும்ப வர முடியாது. 2014 இறுதியில் ஜெர்மனியின் மிட்ஃபீல்டர் கெதிராவுக்கு இப்படி ஆனது. அந்த உலகக் கோப்பையில் அதுவரை ஒரு ஆட்டத்தையும் தொடங்காத கிராமர் வந்தார். அவரும் தலையில் அடிபட்டு 31-ஆம் நிமிடம் வெளியேறினார். கோச் லோவ் இன்னொரு தற்காப்பு மிட்ஃபீல்டரைத் தேடவில்லை. ஷூர்லேயை ஓரத்தில் இறக்கி, க்ரோஸைப் பின்னால் இழுத்தார். கோட்ஸே அடித்த வெற்றி கோலுக்குப் பந்து கொடுத்தது அந்த ஷூர்லேதான். பெஞ்சை எழுதும்போது, இரண்டு இடத்தில் ஆடத் தெரிந்தவர் 11 பேருக்குள்ளேயே யார் என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.