கேள்வி – பதில்: திரும்புவது கழுத்தா, உடம்பா?

? தலைசுற்றல் உள்ளவர்கள் நடக்கும்போது கழுத்தை எவ்வளவு திருப்புகிறார்கள் என்று பார்க்க, நெற்றியில் ஒரு சென்சார் கட்டி அளந்தேன். நலமாக இருப்பவர்களுக்கும் இவர்களுக்கும் ஏறக்குறைய ஒரே கோணம்தான் வருகிறது. எங்கே தப்பு?
– பிசியோதெரபி மாணவி, மஞ்சக்குப்பம், கடலூர்

நெற்றி சென்சார் தலையின் திருப்பத்தைத்தான் சொல்லும். தலைசுற்றல் உள்ளவர்களில் பலர் கழுத்தை விறைத்துக்கொண்டு தோளோடு திரும்புவார்கள். தலை 50 டிகிரி, மார்பு 40 டிகிரி திரும்பினால் கழுத்தின் பங்கு 10தான். உங்கள் கணக்கிலோ அது 50!

இரண்டாவது சென்சாரை மார்பெலும்பின் மேல்பகுதியில் ஒட்டுங்கள். தோள்பட்டையில் ஒட்டினால் கைவீச்சும் கலந்துவிடும். தாலிச் சங்கிலி இடித்தால் பதிவில் அடிக்கு ஒரு முள்போலக் கூரான ஏற்றம் எழும்பும். சங்கிலியை முதுகுப் பக்கம் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். புடவை ஊக்கு இரும்பு என்பதால், சென்சாருக்குள் இருந்து திசை காட்டும் காந்தமானி குழம்பும். கடலூர்ப் புழுக்கத்தில் டேப் வழுக்கும். தோலை நன்றாகத் துடைத்துவிட்டு ஒட்டி, மேலே எலாஸ்டிக் பட்டையும் கட்டுங்கள்.

வினாடிக்கு 100 பதிவு போதும். ஒட்டுவதற்கு முன்பும் கழற்றிய பிறகும் இரண்டையும் ஒரே கையில் பிடித்து மூன்று முறை குலுக்குங்கள். இரண்டு பதிவிலும் அந்தக் குலுக்கல் ஒரே நேரத்தில் விழ வேண்டும். தலை வினாடிக்கு 100 டிகிரி வேகத்தில் திரும்பும்போது நேரம் 0.1 வினாடி பிசகினால் பிழை 10 டிகிரி. மேலே சொன்ன கழுத்தின் பங்கு மொத்தமும் அதிலேயே போய்விடும்.

நடக்குமுன் 10 வினாடி அசையாமல் நிற்கவைத்து, அப்போது கைரோ (சென்சாருக்குள் சுழலும் வேகத்தை அளக்கும் பகுதி) காட்டும் சராசரியைக் கழித்துவிடுங்கள். வினாடிக்கு 0.1 டிகிரி மிச்சமிருந்தாலும் ஒரு நிமிடத்தில் 6 டிகிரி நகர்ந்துவிடும். அதனால் நடை குறுகியதாக இருக்கட்டும். 10 மீட்டர் போதும். தரையைப் பார்த்தே நடப்பவர்களிடம் இரு கோணங்களை வெறுமனே கழிக்கக் கூடாது. தலை குனிந்தால் அது திரும்பும் அச்சே சாய்ந்துவிடும். தலையின் சார்புச் சுழற்சியை, அதாவது மார்பை வைத்துப் பார்த்தால் தலை எவ்வளவு சுழன்றது என்பதை, கணக்கிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், உட்காரவைத்துக் கழுத்து எவ்வளவு திரும்புகிறது என்று அளந்துவிடுங்கள். கழுத்து வலியால் திருப்ப முடியாதவர், சுற்றுமோ என்று திருப்பாதவர் இருவரின் நடையும் சென்சாருக்கு ஒன்றுதான். நடக்கும்போது பக்கத்தில் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் வரட்டும்.

? தொப்பிக்குள் செல்போனை வைத்துக் கடற்கரைச் சாலையில் நடக்கவைத்து அளக்கலாமா?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

வேண்டாம். போனின் எடைக்குத் தொப்பி ஆடும். தலையசைவோடு அந்த ஆட்டமும் பதிவாகும். மார்பில் இறுக்கிக் கட்டினால் போன் பரவாயில்லை. வாகனம் விடாத நேரமானாலும் அங்கே கூட்டம் குறுக்கும் நெடுக்கும் போகும். சிலருக்கு அதைப் பார்த்தாலே சுற்றும். முதல் அளவை வெறிச்சோடிய வராந்தாவில் எடுத்துவிட்டு, பிறகு அங்கே போங்கள்.