கடித்த நாயைக் கருணைக்கொலை செய்த பிறகு இன்னொரு நாய் வளர்க்கலாமா?

இரண்டு முறை பிள்ளைகளைக் கடித்த நாயை, மிருக வைத்தியரின் ஆலோசனைப்படி ஊசி போட்டு அனுப்பிவிட்டு, "தவறு என்னுடையதா?" என்று உவர்மலையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். நிலாவெளியில் நானும் அப்படி ஒரு நாயை இழந்தவன். ஒரு வருடம் அதன் சங்கிலியைக்கூட என்னால் தொட முடியவில்லை.

வளர்க்கலாம். நாயின் குணம் வளர்ப்பால் மட்டும் உருவாவதில்லை. பரம்பரை, தாய் பட்ட பயம், மறைந்திருக்கும் வலி, எல்லாமே அதில் சேர்கின்றன. ஆனால் இழந்த நாயின் அதே நிறத்தில், அதே சாயலில் ஒன்றைத் தேடாதீர்கள். புதியது பாவம், ஒவ்வொரு உறுமலிலும் பழையதைத்தான் காண்பீர்கள்.

குட்டியை எடுக்குமுன் தாயைப் பாருங்கள். அந்நியரைக் கண்டு பதுங்கும் தாயின் குட்டி வேண்டாம். நம் ஊரில் ஒரு மாதக் குட்டியையே பிரித்துக் கொடுத்துவிடுகிறார்கள். எட்டு வாரமாவது பொறுங்கள். எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் குட்டி கற்பது உடன்பிறந்தவற்றோடு விளையாடித்தான். மூன்றாவது முதல் பதினான்காவது வாரம் வரை அது காண்பதும் கேட்பதும் ஆயுளுக்கும் நிற்கும். தடுப்பூசிகள் முடியாவிட்டாலும் கையில் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கும் மீன் சந்தைக்கும் போங்கள். கோயில் மணியும் பஸ் இரைச்சலும் பழகட்டும்.

குட்டி சாப்பிடும்போது தட்டைப் பிடுங்காதீர்கள். அருகில் சென்று ஒரு மீன் துண்டைப் போட்டுவிட்டு விலகுங்கள். உறுமினால் அடிக்கவும் வேண்டாம்; உறுமல் எச்சரிக்கை, அதை அடக்கினால் அடுத்த முறை சத்தமில்லாமல் கடிக்கும்.