சந்தைக்கு மாறிய நாடுகள்: வன்னியிலிருந்து வந்த கேள்விகள்

பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற பொருளியல் ஆசிரியர், ஒட்டுசுட்டான்.

கிளிநொச்சி, உயர்தர மாணவி: ஐயா, சோவியத் முகாம் சரிந்து, அந்நாடுகள் அரச திட்டமிடலை விட்டுச் சந்தைப் பொருளாதாரத்துக்கு மாறியபோது, சர்வதேச நாணய நிதியமும் உலக வங்கியும் செய்தது ஒரே வேலையா?

இல்லை மகள். நிதியம் நாட்டின் கணக்கைப் பார்க்கும்: செலாவணி, பணவீக்கம், பற்றாக்குறை. உலக வங்கி நீண்டகாலத் திட்டங்களுக்குக் கடன் கொடுக்கும். இரண்டும் போதாதென்று 1991இல் இலண்டனில் ஐரோப்பிய புனரமைப்பு அபிவிருத்தி வங்கி தொடங்கியது. அது கொடுக்கும் பணத்தில் அரசுத் துறைக்கு 40 வீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று அதன் சாசனத்திலேயே எழுதிவைத்தார்கள்.

புதுக்குடியிருப்பு, கமக்காரர்: போலந்து எழும்பியது, ரஷ்யா விழுந்தது. மருந்து ஒன்றுதானே?

மருந்து ஒன்று, பத்தியம் வேறு. போலந்து 1990 ஜனவரியில் அரசின் விலைக் கட்டுப்பாட்டை நீக்கி, விலைகளை அவிழ்த்துவிட்டது. அந்த ஒரு மாதத்திலேயே விலைவாசி ஏறத்தாழ 80 வீதம் ஏறியது. ஆனால் நாணயத்தைக் காக்க மேற்கு நாடுகள் 100 கோடி டொலரை ஒதுக்கி வைத்திருந்தன. அதில் ஒரு சதமும் எடுக்க வேண்டி வரவில்லை. இருக்கிறது என்ற நம்பிக்கையே வேலை செய்தது. 1991இல் வெளிநாட்டு அரசுகளுக்கான கடனில் பாதியைக் குறைக்கவும் இணங்கினார்கள்.

ரஷ்யாவோ 1992 ஜனவரியில் விலையை அவிழ்த்தது. காசு அச்சடிப்பதை நிறுத்தவில்லை. அவ்வாண்டுப் பணவீக்கம் சுமார் 2,500 வீதம். ஆளுக்கு 10,000 ரூபிள் முகப்பெறுமதியுள்ள பத்திரம் கொடுத்து, அரச ஆலைகளில் பங்கு வாங்கலாம் என்றார்கள். பசித்தவன் பத்திரத்தை வைத்து என்ன செய்வான்? வந்த விலைக்கு விற்றான், வாங்கியவன் முதலாளியானான். நீதிமன்றம் நிமிருமுன் சொத்தைப் பங்கிட்டது பெரும்பிழை. அதைத் தெரிந்தும் அவசரப்படுத்தியதில் கடன் கொடுத்தவர்களுக்கும் பங்குண்டு என்பேன். 1998 ஜூலையில் நிதியத்தின் தலைமையில் 2,260 கோடி டொலர் உதவி அறிவித்தார்கள். அடுத்த மாதமே ரஷ்யா கடன் கட்டமுடியாது என்றது.

மாங்குளம், வியாபாரி: நம் இலங்கைக்கு 2023இல் நாணய நிதியத்திடம் கிடைத்ததும் இதே வகையா?

அது கடன் நெருக்கடிக்கான உதவி: 48 மாதங்களில் சுமார் 300 கோடி டொலர். நிபந்தனையின் சூடு தெரிய வேண்டுமானால் டீசல் பற்றுச்சீட்டைப் பாருங்கள். 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரி 18 வீதம்.

விசுவமடு, இளைஞர்: அப்படியானால் நாம் சந்தைக்கு மாறியது எப்போது?

1977இல், தம்பி. அதற்கு முன் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் செத்தல் மிளகாய்க்கு நல்ல விலை. உங்கள் ஊர்க் குடியேற்றத் திட்டமே அக்காலத்துப் பிள்ளை. கதவு திறந்ததும் நிதியமும் வங்கியும் கைகொடுத்தன, வெளிநாட்டு மிளகாயும் வந்திறங்கியது. என் தகப்பனார் விலை ஏறும் என்று மூன்று சாக்குச் செத்தலைத் தலைவாசலில் அடுக்கி வைத்திருந்தார். மாரி வந்து பூஞ்சணம் பிடித்தது. அடுத்த போகம் அவர் மிளகாய்க்கு நாற்றுமேடை போடவில்லை.