கல்யாண போட்டோ மட்டும் போதுமா?

கேள்வி: நான் கனடால பிஆர் (நிரந்தரமா தங்க அனுமதி வாங்குனவன், சிட்டிசன் இல்ல), கல்யாணமாகி ஆறு மாசம், மனைவி ஊர்ல இருக்காங்க. சம்பளம் கம்மி, ஸ்பான்சர் பண்ண முடியுமாக்கா?

பதில்: தாராளமா பண்ணலாம் தம்பி. மனைவிய மட்டும் கூப்பிட இவ்வளவு சம்பளம் வேணும்னு பொதுவா கணக்கு இல்ல, ஆனா நீங்க பிஆர்ங்கிறதால கனடாலயே இருந்துதான் அப்ளை பண்ணணும், சிட்டிசன்னா வெளிய இருந்தும் பண்ணலாம். கல்யாணம் நிஜம்னு காட்டுற ஆதாரத்துலதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க, மாலையோட ஸ்டேஜ்ல நிக்கிற போட்டோவயே கட்டுக்கட்டா அனுப்பாம, ராத்திரி ரெண்டு மணிக்கு பேசுன வாட்ஸ்அப் கால் லிஸ்ட், பணம் அனுப்புன ரசீது, ஒண்ணா போன டிக்கெட்னு எல்லாத்தையும் தேதிவாரியா சேர்த்து வைங்க. இன்னொண்ணு, அவங்க பிஆர் ஆன நாள்லேருந்து 3 வருஷம் அவங்க அடிப்படை செலவுக்கு நீங்கதான் பொறுப்பு, நடுவுல பிரிஞ்சாலும் அது மாறாது, கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி இத ரெண்டு பேரும் உக்காந்து பேசிடுங்க.