ஏன் இப்போது சொல்கிறாள்? (கடிதம்)

அன்புள்ள அம்மா,

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் குடியாத்தம் பக்கம். ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறேன். எங்கள் தொகுதியில் பிரச்சாரம் சூடாகப் போகிறது. ஒரு வேட்பாளர் போன தேர்தலில் இருந்த கூட்டணியின் சின்னத்துக்கு ஓட்டு கேட்டுவிட்டார். இன்னொருவர் பாலாற்றில் பதினைந்து லட்சம் தடுப்பணை கட்டுவதாகச் சொன்னார். எல்லாம் வீடியோவாகச் சுற்றுகிறது, சிரிப்பாக இருக்கிறது. ஆனால் மூன்றாவது வேட்பாளர் தன்னிடம் தவறாக நடந்துகொண்டார் என்று ஒரு பெண் புகார் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் முன்பு எங்கள் கம்பெனியில் வேலை பார்த்தவர்தான், வீடுகூடத் தெரியும். அவர் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் அழுகிற வீடியோ எங்கள் குரூப்பில் வந்தது, நானும் இரண்டு குரூப்புக்கு அனுப்பினேன். நடந்ததாகச் சொல்வது மூன்று வருடத்துக்கு முன்பாம். ஏன் தேர்தல் நேரத்தில் மட்டும் இவர்கள் கிளம்புகிறார்கள்? 2019இல் வேலூர் தேர்தலை நிறுத்தியது மாதிரி இதையெல்லாம் நிறுத்தி விசாரிக்க முடியாதா? நோட்டாவுக்குப் போட்டால் பிரயோசனம் உண்டா? எதை வைத்து ஓட்டுப் போடுவது என்று குழப்பமாக இருக்கிறது.

ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை நேற்று ராத்திரி படித்தேன். காலையில் எழுந்து மறுபடியும் படித்தேன். நீங்கள் கேட்டிருப்பவற்றில் பாதிக்கு இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஒரே ஒரு வாக்கியம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. அதற்கு வருகிறேன்.

சின்னம் மாற்றிச் சொன்னவரை விட்டுவிடுங்கள். வேலூர் சித்திரை வெயிலில் காலையிலிருந்து திறந்த வேனில் நின்று, ஒரு நாளைக்கு முப்பது தெருவில் ஒரே பேச்சைப் பேசுகிறவருக்கு நாக்கு குழறத்தான் செய்யும். ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை கூட்டணி மாறினால் பழைய சின்னம் வாயில் வராமல் என்ன செய்யும்? பதினைந்து லட்சம் தடுப்பணையும் அப்படித்தான். ஆனால் அதில் ஒன்று சொல்ல வேண்டும். பாலாற்றைக் காப்பாற்றுவேன் என்று எண்ணிக்கை தவறாமல், மனப்பாடமாக, ஒவ்வொரு தேர்தலிலும் சொல்கிறவர்களை யாரும் வீடியோ எடுத்துச் சுற்றவிடுவதில்லை. வேலூர் தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்புச் சொன்னது. அதே பாலாறு, அதே கழிவு என்று 2025 ஜனவரியில் மறுபடியும் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. நடுவில் எத்தனை தேர்தல் வந்து போனது என்று எண்ணிப் பாருங்கள். நீங்கள் சிரிக்க வேண்டியது, கோபப்பட வேண்டியது எல்லாம் அங்கே இருக்கிறது.

நோட்டா 2013இலிருந்து இருக்கிறது. எத்தனை பேர் போட்டாலும் மீதி ஓட்டில் முதலில் வந்தவர்தான் எம்.எல்.ஏ. போட விருப்பம் என்றால் போடுங்கள்.

வாய் தவறுவது வேறு, வாய் கூசாமல் பேசுவது வேறு. 2019இல் உத்தரப் பிரதேசத்தின் ராம்பூரில் எதிர்த்து நின்ற ஜெயப்பிரதாவைப் பற்றிப் பேசியதற்காக சமாஜ்வாதி வேட்பாளர் ஆசம் கானை 72 மணி நேரம் பிரச்சாரம் செய்யக் கூடாது என்று தேர்தல் ஆணையம் நிறுத்தி வைத்தது. 2021இல் அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமியின் பிறப்பையும் தாயையும் இழுத்துப் பேசியதற்காக நம் ஊரில் ஆ. ராசாவுக்கு 48 மணி நேரத் தடை, நட்சத்திரப் பேச்சாளர் பட்டியலிலிருந்தும் நீக்கினார்கள். அவர் மன்னிப்பும் கேட்டார். அந்தத் தடை சரிதான், இன்னும் கூடுதலாகவே கொடுத்திருக்கலாம் என்பது என் எண்ணம். ஆனால் இரண்டு இடத்திலும் பேச்சு யார் மேல் விழுந்தது என்று பாருங்கள். ஒருவர் நாடறிந்த நடிகை, இன்னொருவர் முதலமைச்சரின் தாய். அப்படி இருந்ததால்தான் மூன்று நாள், இரண்டு நாள் என்றாவது தடை வந்தது. உங்கள் தொகுதியில் ஷூவுக்கு மேல்தோல் தைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் புகார் சொல்கிறாள், அன்று சாயங்காலமே அந்த ஆள் மாலை போட்டுக்கொண்டு ஊர்வலம் போகிறார்.

2019 வேலூரைப் பற்றிக் கேட்டீர்கள். அந்த வருடம் ஏப்ரல் 18ஆம் தேதி வாக்குப்பதிவு. இரண்டு நாளைக்கு முன்னால், 16ஆம் தேதி, தேர்தலையே ரத்து செய்தார்கள். வருமான வரிச் சோதனையில் 11 கோடி ரூபாய்க்கு மேல் பிடிபட்டிருந்தது. பணத்துக்காக ஒரு மக்களவைத் தொகுதியின் தேர்தலை நிறுத்தியது இந்தியாவிலேயே அதுதான் முதல் தடவை. அப்புறம் ஆகஸ்ட் 5ஆம் தேதி நடந்தது, 8,141 ஓட்டு வித்தியாசத்தில் முடிவு வந்தது. கட்டுக்கட்டாகப் பணத்தைப் பார்த்தால் ஒரு தொகுதி முழுக்க நிறுத்துவதற்கு ஆணையத்துக்கு வழி இருக்கிறது. ஒரு பெண் சொல்லுகிற சொல்லுக்கு ஒரு தெருப் பிரச்சாரம்கூட நிற்காது. தேர்தலையே நிறுத்த வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. குற்றம் சாட்டியதுமே தகுதி போய்விடும் என்று வைத்தால், எல்லாக் கட்சியும் எல்லாக் கட்சி மேலும் ஆள் வைத்துப் புகார் கொடுக்கும், அது எனக்கும் தெரியும். அதனால்தான் சட்டத்தில் தண்டனை வந்த பிறகே தகுதி போகிறது. ஆனால் சட்டம் காத்திருக்கிறது என்பதற்காக நீங்களும் காத்திருக்க வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது? ஓட்டுப் போடுகிறவர் நீதிபதி கிடையாது. உங்கள் பிள்ளையை டியூஷனுக்கு அனுப்பும்போது, அந்த வாத்தியார் மேல் தீர்ப்பு வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டா அனுப்புவீர்கள்?

இப்போது அந்த வாக்கியத்துக்கு வருகிறேன். 'ஏன் தேர்தல் நேரத்தில் மட்டும் இவர்கள் கிளம்புகிறார்கள்?'

கிளம்புகிறார்கள் என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? ஈசலா அவர்கள், மழைக்குக் கிளம்புவதற்கு? இத்தனைக்கும் நேரில் தெரிந்த பெண். வீடு தெரியும். நீங்கள் எழுதிய இந்தக் கேள்வியை நான் 1996இல் கேட்டேன், என் அக்காவிடம். அதனால்தான் இவ்வளவு கோபம் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சின்னம்மா மகள், என்னைவிட இரண்டு வயது மூத்தவள். எங்கள் தெருவில் அப்போது பீடி சுற்றாத வீடே கிடையாது. ராத்திரி இலையை நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைத்து, விடிந்ததும் தகட்டை வைத்து வெட்டி, முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை எழுந்திருக்க முடியாது. ஆயிரம் சுற்றினால்தான் ஒரு நாள் கூலி. சாயங்காலம் கம்பெனிக்குக் கொண்டு போனால் அங்கே ஏஜெண்டு ஒருத்தர் கட்டுக்கட்டாகப் பிரித்துப் பார்ப்பார். இது ஒல்லி, இது வாய் மடிக்கவில்லை, தூள் கம்மி என்று கழித்துப் போடுவார். கழித்ததற்குக் கூலி கிடையாது, கழித்த பீடியும் திரும்பக் கைக்கு வராது. யாருடையதை எவ்வளவு கழிப்பது என்பது அந்த ஆள் இஷ்டம். சிரித்துப் பேசினால் கம்மியாகக் கழிப்பார். பின்னறைக்கு வந்து கணக்குப் பார்க்கச் சொல்லுவார், போனால் கழிக்கவே மாட்டார். போகாதவளுக்கு ஆயிரத்தில் இருநூறு போகும். அக்காவுக்கு இரண்டு வருடம் அப்படிப் போனது.

அவள் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை, தம்பி. சித்தப்பாவிடம் சொன்னாள், அவர் வேறு ஏஜெண்டைப் பார்க்கச் சொன்னார். தெருப் பெரியவரிடம் சொன்னாள், அவர் பையனுக்கு அந்தக் கம்பெனியில்தான் வேலை. நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் கிழித்துப் புகார் எழுதிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனாள். வாங்கிப் படித்தவர் அதை மடித்து அவள் கையிலேயே கொடுத்து, 'கல்யாணம் ஆகணுமா வேணாவா?' என்று கேட்டு அனுப்பினார். எழுத்தில் ஒன்றும் இல்லை. அவள் எங்கும் புகார் சொன்னதாகவே கணக்கில்லை. வேலை செய்யும் இடத்தில் பெண்களுக்கு நடக்கும் தொல்லைக்கு வழிமுறை வகுத்த விசாகா தீர்ப்பு வந்ததே 1997 ஆகஸ்டில்தான். தனிச் சட்டம் வர 2013 ஆகிவிட்டது.

1996இல் பத்து வருடம் கழித்து உள்ளாட்சித் தேர்தல் வந்தது. அந்த ஏஜெண்டு எங்கள் வார்டில் நின்றார். மேளம், மாலை, கூட நாற்பது பேர், வீட்டுக்கு வீடு ஆரத்தி, தட்டில் பத்து ரூபாய். எங்கள் வாசலுக்கு வந்து கும்பிட்டபோது அக்கா ஆரத்தித் தட்டோடு வரவில்லை. அன்றைக்குச் சுற்றிய பீடியை முறத்தோடு எடுத்துக்கொண்டு வந்தாள். அந்த ஆள் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

'ண்ணா, இதுல எது கழிவு? இங்கியே எண்ணிச் சொல்லு. தெருவே பாத்துகினு கீது, இப்போ சொல்லு.'

அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் தெருவில் இருந்த பெண்களுக்கெல்லாம் அது புரிந்தது. யார் யாருக்குப் புரிந்தது என்று அவர்கள் தலை குனிந்ததை வைத்தே சொல்லிவிடலாம். மேளம் நின்றது. அந்த ஆள் சிரித்துக்கொண்டே, 'யாரும்மா சொல்லிக் குடுத்தது?' என்று கேட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். ராத்திரிக்குள் ஊரில் ஒரே பேச்சு: எதிர்க்கட்சிக்காரன் முந்நூறு ரூபாய் கொடுத்துப் பேச வைத்துவிட்டான்.

அன்றைக்கு ராத்திரி இலை நனைத்துக்கொண்டு இருக்கும்போது நான் கேட்டேன். 'இன்னாத்துக்குக்கா இப்போ போயி? எலக்சன் முடியட்டுமே.' படித்தவள் நான், பி.ஏ. முடித்திருந்தேன்.

அவள் கையை நிறுத்தாமல் சொன்னாள்: 'ரெண்டு வருசம் நான் அவன் வாசல்ல நின்னேன், யார்டி பாத்தீங்க? இன்னிக்குத்தான் அவன் என் வாசல்ல வந்து நின்னான்.'

இதற்கு மேல் உங்கள் கேள்விக்கு என்ன பதில் சொல்வது? மூன்று வருடம் ஏன் சும்மா இருந்தாள் என்கிறீர்கள். சும்மா இருந்தாளா என்று உங்களுக்குத் தெரியுமா? உங்கள் கம்பெனியில் பத்துப் பேருக்கு மேல் வேலை பார்க்கிறார்கள், சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும், அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதி ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டியிருக்கிறார்களா? அந்தக் குழுவிடமும் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், காரணம் காட்டினால் இன்னொரு மூன்று மாதம். அதைத் தாண்டிவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும். ஒரு பெண் வீட்டில் சொல்லி, வீட்டில் அடக்கி, மனம் தேறி, எழுதத் தெரிந்தவரைத் தேடிப் பிடிப்பதற்குள் அந்தக் காலம் ஓடிவிடாதா? நாலரை வருடம் அந்த ஆள் கார் கண்ணாடியை இறக்குவதில்லை. இந்த இருபது நாளில்தான் தெருவில் நடக்கிறார், கும்பிடுகிறார், கேட்டால் நின்று பதில் சொல்கிறார். நியாயம் கேட்கிறவள் அவர் காதில் விழும் நேரம் பார்த்துத்தானே கேட்பாள்? பஸ் கட்டணத்துக்கும் குடிதண்ணீருக்கும் நீங்கள் தேர்தல் நேரத்தில்தானே மறியல் செய்கிறீர்கள், அதற்கு யாராவது 'ஏன் இப்போது?' என்று கேட்கிறார்களா?

பொய்ப் புகாரும் வரும், மறுக்கவில்லை. எதிர்த்து நிற்பவரோ அவர் சம்மதத்தோடு வேறு யாருமோ வேட்பாளரின் சொந்த நடத்தையைப் பற்றித் தெரிந்தே பொய்யைப் பரப்பி வெற்றி வாய்ப்பைக் கெடுக்கப் பார்த்தால் அது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆம் பிரிவில் முறைகேடு. வழக்குப் போட அந்த வேட்பாளருக்கு வக்கீல் இருக்கிறார், கட்சி இருக்கிறது. அவர் கதியை நினைத்து நீங்கள் கவலைப்பட வேண்டாம். அவர் என்ன பதில் சொன்னார் என்று மட்டும் பாருங்கள். நடக்கவில்லை என்று தேதியும் இடமும் சொல்லி மறுத்தாரா, இல்லை 'யார் சொல்லிக் கொடுத்தது?' என்று சிரித்துக்கொண்டு போனாரா? என் அனுபவத்தில் அந்தச் சிரிப்பு நிறையச் சொல்லும்.

வேட்புமனுவோடு கொடுக்கும் படிவம் 26ஐ எடுத்துப் பாருங்கள், தேர்தல் ஆணையத்தின் தளத்திலேயே கிடைக்கும். வழக்கு இருந்தால் அதில் எழுத வேண்டும், மூன்று தடவை பத்திரிகையிலும் டிவியிலும் விளம்பரம் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொன்னது. வழக்கு உள்ளவரை ஏன் நிறுத்தினோம் என்று கட்சியும் காரணம் சொல்ல வேண்டும், 'ஜெயிப்பார்' என்பது மட்டும் காரணமாகாது என்று 2020இல் சொன்னது. எல்லாம் நல்லதுதான். ஆனால் புகாரையே வாங்காமல் மடித்துக் கையில் கொடுத்து அனுப்பினால் படிவத்தில் 'இல்லை' என்றுதான் வரும். எங்கள் வார்டு ஏஜெண்டு இன்றைக்கு நின்றிருந்தால் அவர் படிவம் அப்பழுக்கில்லாமல் இருந்திருக்கும். அவர் ஜெயித்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அக்காவுக்குக் கம்பெனியில் இலை தருவதை நிறுத்தினார்கள். அவள் பக்கத்து ஊர் வரைக்கும் நடந்து போய் இலை வாங்கி வந்தாள், ஏழு வருடம். அந்த ஏழு வருடத்தில் ஒரு நாளாவது எங்கள் தெருப் பெண்கள் அவள் வீட்டில் வந்து உட்கார்ந்து, செய்தது சரிதான் என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. வேலை கிடைத்து சென்னைக்குப் போய்விட்டேன்.

நீங்கள் யாருக்கு ஓட்டுப் போடுவது என்று நான் சொல்லப் போவதில்லை. அது உங்கள் கேள்வி, நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். முதலில் அந்த வீடியோவை அனுப்பிய இரண்டு குரூப்பிலும் அழித்துவிடுங்கள். அழிக்க முடியாத அளவுக்கு நேரம் ஆகியிருந்தால், நான் அனுப்பியது தப்பு, யாரும் மேலே அனுப்பாதீர்கள் என்று உங்கள் பெயரிலேயே எழுதிப் போடுங்கள். கிண்டல் செய்வார்கள், செய்யட்டும். அப்புறம், அவர் வீடு தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். தனியாகப் போகாதீர்கள், அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். வேலைக்குப் போகிறாரா, யாராவது வீட்டுக்கு வந்து மிரட்டுகிறார்களா, புகாருக்கு ரசீது கொடுத்தார்களா என்று கேளுங்கள். ரசீது இல்லை என்றால் எனக்கு உடனே எழுதுங்கள், வேலூரில் எனக்குத் தெரிந்த பெண் வழக்கறிஞர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

போய்விட்டு வந்து எழுதுங்கள்.

அன்புடன்
உங்கள் அம்மா வயதுக்காரி