புறாவுக்கு எதற்குப் பிஸ்னஸ் பிளான்?

அன்புள்ள அக்கா,

நான் கிளிநொச்சியில் பரந்தன் பக்கம். அறிவியல் நகரில் பொறியியல் படித்துவிட்டுக் கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருந்தேன். 2022 பொருளாதார நெருக்கடியில் வேலை போனது. இப்போது ஊரில் இருந்தபடி சின்னச் சின்ன ஒப்பந்த வேலைகள் செய்கிறேன். நண்பர்கள் இருவருடன் சேர்ந்து ஒரு ஸ்டார்ட்அப் தொடங்க யோசிக்கிறேன். வன்னி விவசாயிகள் இடைத்தரகர் இல்லாமல் கொழும்புக்கு நேரடியாக மரக்கறி விற்க ஒரு செயலி. அப்பாவோ காணியை ஈடு வைத்தாவது கனடாவுக்குப் போகச் சொல்கிறார். எனக்குப் புறா வளர்ப்பதில் பைத்தியம். தீனி விலைக்குக் கட்டாது, விட்டுவிடு என்கிறார் அம்மா. நண்பர்கள் அதையே யூடியூப் சானல் ஆக்கு, குஞ்சு விற்றுக் காசு பார் என்கிறார்கள். போரின்போது அரசாங்கம் பெற்றோலையும் பற்றரியையும் வன்னிக்கு விடாத பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய மக்கள் நாங்கள், அதுவே உண்மையான ஸ்டார்ட்அப் மனம் என்று எங்கள் முதல் ஸ்லைடில் போட்டிருக்கிறோம். இந்த நேரத்தில் தொடங்கலாமா? நீங்கள் ஏன் வெற்றி பெற்ற தொழில்முனைவோரைப் பற்றி எழுதுவதில்லை?

ச., பரந்தன்

அன்புள்ள தம்பி,

வெற்றி பெற்றவர்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் நல்ல கமெராவும் இருக்கிறது. கனடாக் கதை நீயும் அப்பாவும் முற்றத்தில் இருந்து பேசித் தீர்க்க வேண்டியது. காணி உறுதி யார் கைக்குப் போகிறது என்பதை மட்டும் கவனமாகப் பார்.

அந்த முதல் ஸ்லைடை எடுத்துவிடு. அதை வாசித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அப்போது நீ பிறந்திருக்கவே மாட்டாய், அல்லது சின்னப் பிள்ளையாக இருந்திருப்பாய். பெற்றோலை ஒரு சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்து, சில சொட்டு விட்டு ஸ்டார்ட் பண்ணி, இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட விடுவார்கள். பின்னால் இருப்பவருக்குப் புகையில் கண் எரியும். பிளக்கில் கரி பிடிக்கும். காய்ச்சல்காரரை ஏற்றிக்கொண்டு போகும்போது பார்த்து நடுக்காட்டில் நிற்கும். கழற்றி, தேய்த்து, ஊதி, திரும்பப் பூட்டி உதைக்க வேண்டும். ஓட்டியவர்களில் ஒருவராவது அதை விரும்பிச் செய்ததாக நான் அறியேன். 2002 இல் வன்னி ஊடாக யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதி திறந்து பெற்றோல் தாராளமாக வந்ததும் அந்தக் கெட்டித்தனத்தை எல்லோரும் விட்டுவிட்டார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

2022 இல் பெற்றோல் வரிசையில் நின்றபோது தெற்கிலிருந்து வந்த ஒருவர் என்னிடம் சிரித்துக்கொண்டே, "உங்களுக்கு இதெல்லாம் பழக்கம்தானே" என்றார். உன் ஸ்லைடும் அதையேதான் சொல்கிறது. பழகியவனுக்கு வயிறு எரியாதா? அந்த வருடம் ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ஆனது. முல்லைத்தீவுக் கரையில் மண்ணெண்ணெயில் ஓடும் படகு வைத்திருக்கும் யாரிடமாவது போய் அதைப் புத்தாக்கம் என்று சொல்லிப் பார்.

சரி, செயலி. இடைத்தரகர் இல்லாமல் என்கிறாய். அவர் என்னவெல்லாம் செய்கிறார் என்று உட்கார்ந்து எழுதியிருக்கிறாயா? விதைப்புக்கு முன் விதையும் உரமும் கடனாகத் தருபவர் பல இடங்களில் அவர்தான். பிள்ளையின் சாமத்திய வீட்டுக்குக் காசு மாறுவதும் அவரிடம். அந்தக் கடனை நினைத்துத்தான் தோட்டக்காரன் வாய் திறக்காமல் அவர் சொன்ன விலைக்குக் கொடுக்கிறான். வடக்குச் சந்தைகளில் நூற்றுக்குப் பத்து என்று கழிவு வெட்டினாலும் பொறுத்துக்கொள்கிறான். தம்புள்ளை மொத்தச் சந்தையில் இன்று என்ன விலை என்பது அவனுக்குக் காலையிலேயே தொலைபேசியில் வந்துவிடுகிறது. விலையைக் காட்டும் செயலியால் அவனுக்குப் புதிதாக ஒன்றும் தெரியப் போவதில்லை. விதைக்கிற நாளில் கையில் காசு வேண்டும். அழுகினால் யார் பொறுப்பு என்று தெரிய வேண்டும். லொறி வேண்டும். இந்த மூன்றுக்கும் உங்கள் ஸ்லைடுகளில் என்ன பதில் இருக்கிறது?

வாங்குகிறவரையும் பார். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ஆனது. செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை ஒட்டிப் போனது. பிறகு அது குறைந்தது என்றால், விலை ஏறும் வேகம் குறைந்தது என்றுதான் அர்த்தம். ஏறிய விலை பெரும்பாலும் ஏறியபடியே நிற்க, சம்பளம் பின்னால் நொண்டிக்கொண்டு வருகிறது. கொழும்பில் கத்தரிக்காயைக் காற்கிலோவாக வாங்கத் தொடங்கிய குடும்பத்தைப் பற்றி நீ யோசித்தாயா? ஏ9 வீதியில் இருக்கும் முறிகண்டியில் ஒரு நாள் முழுக்க இருந்து பார். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க பஸ் நிற்கிறது, இறங்குகிறவர்கள் கச்சான் வாங்குகிறார்கள். 2006 ஓகஸ்டில் வீதி மூடப்பட்டபோது, கச்சான் வறுத்தவர்களின் கைப்பக்குவம் எங்கும் போய்விடவில்லை. பஸ் வரவில்லை, அவ்வளவுதான். தொடங்கலாமா என்று கேட்டால், உன் பஸ் எங்கே நிற்கிறது என்று முதலில் கண்டுபிடி. கண்டுபிடித்தால் இந்த நேரத்திலும் தொடங்கலாம். கடன் வாங்காமல் தொடங்கு.

உண்மையில் நான் பதில் எழுத உட்கார்ந்தது புறாவுக்காக. அதைப் பற்றி நீ இரண்டு வரிதான் எழுதியிருந்தாய், அதுவும் குற்றம் செய்தவன் மாதிரி.

எங்கள் சின்னண்ணா தடைக்காலத்தில் புதுக்குடியிருப்பில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் வயரைக் கொழுவி, கையால் பெடலைச் சுற்றி றேடியோ கேட்பான். பற்றரி கிடையாது. இரவுச் செய்திக்குச் சுற்றுவதற்கு ஊரே முறை வைத்து நின்றது, அது தேவை. செய்தி முடிந்து எல்லோரும் போன பிறகு பாட்டுக்காக அவன் தனியே சுற்றுவான். கை சோர்ந்தால் பாடுகிறவரின் குரலும் அடங்கும், மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பச் சுற்றுவான். நாள் முழுக்க விறகு கொத்திய கை அது. அம்மா பேசுவார், "இதாலை என்ன வரும்படி?" அவன் சிரிப்பான். ஒன்றும் வரவில்லைதான். மண்ணெண்ணெய் மோட்டார் சைக்கிளையும் இதையும் ஒரே ஸ்லைடில் போடுகிறவர்களோடுதான் என் சண்டை.

இன்னொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஒழுங்கையில் ஒரு அக்கா குறோசே பின்னுவார். 2009 இல் போரில் இடம்பெயர்ந்து இருந்த செட்டிகுளம் முகாமில் யாரோ கொடுத்த பழைய சுவெற்றரைப் பிரித்து, அந்த நூலில் பின்னினார். தறப்பாளுக்குள் மேசையே இல்லை, அவர் மேசை விரிப்புப் பின்னினார்! முடிந்ததும் பிரிப்பார், திரும்பவும் பின்னுவார். மீளக்குடியேறிய பிறகு வாழ்வாதாரத் திட்டம் என்று ஒரு நிறுவனம் வந்தது. பெயர் வேண்டாம். அவர்கள் இந்தக் கையைப் பார்த்துவிட்டார்கள். குழு அமைத்து, பயிற்சி கொடுத்து, நூல் பெட்டி பெட்டியாக இறக்கி, இந்த அளவு, இந்த நிறம், இந்தத் திகதிக்குள் என்றார்கள். கூடவே ஒரு நுண்கடன். கிழமைக்கு ஒரு தடவை கடன் சேர்க்க வரும் பெடியன் விறாந்தையில் இருந்து பேனையைத் தட்டிக்கொண்டிருப்பான். திட்டக்காலம் முடிந்ததும் வாங்க ஆளில்லை. காதுத் தோட்டை விற்றுக் கடனை அடைத்தார். 2018 இல் வறட்சி மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு இலட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களை அரசாங்கம் தள்ளுபடி செய்தபோது, ஒழுங்காகக் கட்டி முடித்தவர் என்பதால் அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. போகட்டும், காசு போவது நமக்குப் புதிதில்லை. ஆனால் அந்த அக்கா அதற்குப் பிறகு ஊசியைத் தொடவேயில்லை. "நூலைக் கண்டாலே அந்தப் பெடியன்ர பேனைச் சத்தம் கேக்குது" என்றார். முகாம் பறிக்காததை ஒரு பிஸ்னஸ் பிளான் பறித்துக்கொண்டு போனது.

எனவே புறாவைச் சானல் ஆக்கச் சொல்லும் நண்பர்களைப் பேசாமல் இருக்கச் சொல். அவர்கள் நல்ல பிள்ளைகள்தான், உன் நன்மைக்குத்தான் சொல்கிறார்கள். ஆனால் கணக்கு எப்படி வேலை செய்யும் என்று பார். உனக்கு மிகவும் பிடித்த சோடிதான் நல்ல விலைக்குப் போகும். அதை முதலில் விற்கச் சொல்லும். விலை போகாத நோஞ்சான் குஞ்சுக்குத் தீனி வீண் என்று சொல்லும். பின்னேரம் நீ கூரையைப் பார்க்க மாட்டாய், திரையில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பார்ப்பாய். அதிலும் வருமானம் குறைவாக வந்தால், இதுவரை குற்றமாக இருந்தது நட்டமாகவும் ஆகிவிடும்.

கஷ்ட காலத்தில் இப்படி ஒரு ஆசை ஆடம்பரமா என்று உனக்குள் ஒரு கேள்வி ஓடுகிறது. அம்மாவும் சும்மா சொல்லவில்லை, அவர்தான் அரிசிக்கும் பருப்புக்கும் கணக்குப் பார்க்கிறவர். ஆகவே ஒளிக்காதே. தீனிக்கு மாதம் எவ்வளவு என்று வீட்டுச் செலவுக் கொப்பியில் எழுதி அவரிடம் காட்டு. கட்டாவிட்டால் சோடிகளைக் குறை, தெரிந்தவனுக்குச் சும்மா கொடு. காலபோக அறுவடை முடிந்ததும் ஆலைகளில் தூற்றிக் கழித்த நெல் மலிவாகக் கிடைக்கும். நன்றாகக் காயவைத்துக் கட்டி வை, ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடித்துப் புறா சாகும்.

சந்தைக்குப் போய் அந்த மூன்று கேள்விக்கும் பதில் எடுத்துக்கொண்டு எழுது. ஸ்லைட் அனுப்ப வேண்டாம்.

அன்புடன்,
அக்கா